எழுபது நாள் பயணம், 108 சாவு: 'லைப்னிட்ஸ்' கப்பலில் அமெரிக்கா போன மெக்லன்பர்க் குடும்பங்கள், 1867–68

நிகழ்வு

1867 நவம்பர் 2ஆம் தேதி 'லைப்னிட்ஸ்' என்ற பாய்மரக் கப்பல் ஹாம்பர்க்கிலிருந்து நியூயார்க்குக்குக் கிளம்பியது. பயணிகள் 544 பேர். பெரியவர்கள் 395, பிள்ளைகள் 103, கைக்குழந்தைகள் 46. குழந்தைகளின் கணக்கைப் பார்த்தாலே இது தனியாட்களின் கூட்டம் இல்லை, குடும்பம் குடும்பமாக ஊரைக் காலி செய்துகொண்டு போனவர்கள் என்று தெரியும். 1868 ஜனவரி 11ஆம் தேதி கப்பல் நியூயார்க் வெளித்துறையில் நங்கூரம் போட்டது. அதற்குள் 105 பேரைக் கடலில் இறக்கியாயிற்று. துறைமுகத்துக்கு வந்தபின் மூன்று பேர் இறந்தார்கள். ஆக 108. ஐந்து பேருக்கு ஒருவர்.

கப்பல் மூழ்கவில்லை. எரியவில்லை. பாறையில் மோதவில்லை. கிளம்பிய கப்பல் சேரவேண்டிய இடத்துக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்தது. பேரிடர் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் எதுவுமே நடக்காத பயணம் அது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன். இந்தச் சாவுகளுக்கான முடிவுகளில் பெரும்பாலானவை கப்பல் கடலைப் பார்ப்பதற்கு முன்பே கரையில் எடுக்கப்பட்டவை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு நியாயம் இருந்தது. சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை.

பயணிகள், கேப்டன் ஆகியோரின் பெயர்கள் இதில் வரா.

பின்னணி: மெக்லன்பர்க் பண்ணை

பயணிகளில் பெரும்பாலோர் வடக்கு ஜெர்மனியின் மெக்லன்பர்க் பகுதியைச் சேர்ந்தவர்கள். பொமரேனியா, போசன் பகுதிகளிலிருந்து வந்த பிரஷ்யர்கள் நாற்பது பேர் வரை, சாக்ஸனி, துரிஞ்சியாவைச் சேர்ந்த சிலர் இவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். இலினாய், விஸ்கான்சின் மாநிலங்களில் விவசாயம் பார்ப்பது அல்லது கூலி வேலை செய்வது என்பது திட்டம்.

மெக்லன்பர்க்கில் பண்ணையடிமை முறை 1820இலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. காகிதத்தில் ஆள் சுதந்திரமானவன். ஆனால் நிலம் பண்ணையாருடையது, குடியிருக்கும் வீடு பண்ணையாருடையது, அந்த ஊரில் குடியிருக்கலாம் என்ற அனுமதியும் பண்ணையார் கையில்தான். குடியிருப்பு உரிமை கிடைக்காவிட்டால் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. ஒரு பண்ணையை விட்டுவிட்டால் இன்னொரு பண்ணை ஏற்றுக்கொள்ளும் என்ற உறுதி இல்லை. பண்ணையாள் குடும்பம் தன் உழைப்போடு இன்னொரு வேலையாளையும் பண்ணைக்குத் தந்தாக வேண்டும். அந்த ஆளுக்குச் சோறும் படுக்கையும் குடும்பத்தின் செலவு. 1867இல் மெக்லன்பர்க் வட ஜெர்மன் கூட்டமைப்பில் சேர்ந்தது. பிரஷ்ய பாணிக் கட்டாய ராணுவச் சேவையும் கூடவே வந்தது. வளர்ந்த மகன் உள்ள வீட்டுக்கு ஊரை விட்டுக் கிளம்ப இன்னொரு காரணம் கிடைத்தது.

இதில் ஒரு தேதிப் பொருத்தத்தைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. கூட்டமைப்பின் எந்தப் பகுதியிலும் எவரும் போய்க் குடியிருக்கலாம், பிழைக்கலாம் என்ற சட்டத்தின் தேதி 1867 நவம்பர் 1. கப்பல் கிளம்பியது மறுநாள். கல்யாணத்துக்கு இருந்த போலீஸ் கட்டுப்பாடுகளை நீக்கிய சட்டம் 1868 மே 4ஆம் தேதி வந்தது. எந்தப் பூட்டுக்குப் பயந்து இவர்கள் ஊரை விட்டார்களோ, அந்தப் பூட்டு இவர்கள் கடலில் இருந்தபோது திறந்துகொண்டிருந்தது. தெரிந்திருந்தால் நின்றிருப்பார்களா? நிற்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். போகலாம் என்று சட்டம் சொல்லிவிட்டால் மட்டும் போகும் இடத்தில் நிலம் முளைத்துவிடாது. அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி 160 ஏக்கர் அரசு நிலத்தைப் பதிவுக் கட்டணம் மட்டும் கட்டி எடுத்துக்கொண்டு, ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து உழுதால் அது சொந்தமாகிவிடும். ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்கள் ஊருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆக, கிளம்பும் முடிவில் தவறு இல்லை. நவம்பரில் கிளம்பியதுதான் இடிக்கிறது. அறுவடை முடிந்து, ஆண்டுக் கணக்கைத் தீர்த்து, மாட்டையும் தட்டுமுட்டுச் சாமானையும் விற்றால்தான் பண்ணையாள் கையில் காசு சேரும். அது இலையுதிர் காலத்தில்தான் நடக்கும். குளிர்காலக் கடல் எப்படி இருக்கும் என்று யோசிக்கும் இடத்தில் அவர்கள் இல்லை.

ஹாம்பர்க்: எந்தக் கப்பல்?

ஊரிலிருந்து ஹாம்பர்க் போவது அந்தக் காலத்தில் பெரிய பாடு இல்லை. பெர்லின்–ஹாம்பர்க் ரயில் பாதை 1846 முதல் மெக்லன்பர்க்கின் ஊடாகவே ஓடிக்கொண்டிருந்தது. ரயிலை விட்டு இறங்கியபின்தான் தேர்வு. ஹாம்பர்க்கிலிருந்து நியூயார்க்குக்கு 1856 முதல் நீராவிக் கப்பல் ஓடியது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் போய்விடலாம். பாய்மரக் கப்பல் காற்றை நம்பியது. ஐந்து வாரமும் ஆகலாம், பத்து வாரமும் ஆகலாம். 1860களின் பின்பாதியில் நியூயார்க் வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் நீராவிக் கப்பலில்தான் வந்தார்கள். பாய்மரக் கப்பலுக்கு மிஞ்சியது, கட்டணத்தில் சில தாலர் (அந்தக் காலத்து ஜெர்மன் வெள்ளி நாணயம்) குறைந்தாலும் போதும் என்று நினைத்த கூட்டம். பெரியவர் இருவர், பிள்ளைகள் நால்வர், கைக்குழந்தை ஒன்று என்று போகும் குடும்பத்துக்குத் தலைக்குச் சில தாலர் மிச்சம் என்றால் அது விஸ்கான்சினில் ஒரு மாட்டின் விலையாக இருக்கலாம்.

அந்தக் கணக்கில் ஒன்று விடுபட்டுவிட்டது. இரண்டு வாரம் மூடிய அறையில் இருப்பதற்கும் பத்து வாரம் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தாலரில் போட முடியாது. ஒரு நாளைக்குக் கிடைக்கும் தண்ணீர் சற்றுக் குறைவு என்றால் இரண்டு வாரத்தில் தாகம் எடுக்கும். பத்து வாரத்தில் ஆள் உருகிப்போவான்.

கப்பல் பழசா, ஓட்டையா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டனில், சீன வணிகத்துக்காகக் கட்டப்பட்ட நல்ல, பெரிய கப்பல். பழைய பெயர் 'வான்கூவர்'. சில ஆண்டுகளுக்கு முன் ஹாம்பர்க்கின் ஸ்லோமன் நிறுவனம் வாங்கி, லைப்னிட்ஸ் என்ற ஜெர்மன் தத்துவஞானியின் பெயரைச் சூட்டியது. துறைமுகத்தில் நின்று அண்ணாந்து பார்த்த பண்ணையாள் குடும்பத்துக்கு அது கம்பீரமாகத்தான் தெரிந்திருக்கும்.

இரண்டு தளம்

பயணிகள் கப்பல் இல்லை என்பதுதான் சிக்கலின் வேர். அந்தக் காலத்து வழக்கம் இது: அமெரிக்காவிலிருந்து வரும்போது சரக்கு, போகும்போது மனிதர். அதற்காக மேல்தளத்துக்குக் கீழே உள்ள இடத்தில் பலகை அடித்து, அடுக்குப் படுக்கைகள் போடுவார்கள். போய்ச் சேர்ந்ததும் அந்த மரத்தைப் பிய்த்தெடுத்துவிட்டுச் சரக்கை ஏற்றுவார்கள். ஜெர்மன்காரர்கள் அந்த இடத்தை 'இடைத்தளம்' என்று சொன்னார்கள். ஆங்கிலத்தில் ஸ்டீரேஜ்.

'லைப்னிட்ஸி'ல் அப்படி இரண்டு தளம் இருந்தது. மேலே இருந்தது உயரமும் அகலமும் உள்ளது. ஆட்கள் ஏறி இறங்கும் இரண்டு வாய்கள், மிகச் சின்னதாக இரண்டு காற்றுக்குழாய்கள், இவ்வளவுதான் காற்றுக்கு வழி. பயணம் முழுக்க ஒரு ஜன்னல்கூடத் திறக்கப்படவில்லை. ஆனாலும் மற்றக் குடியேறிக் கப்பல்களின் ஸ்டீரேஜோடு ஒப்பிட்டால் இது மோசம் என்று சொல்ல முடியாது என்றுதான் பின்னால் நியூயார்க்கில் விசாரித்தவர்களே எழுதினார்கள்.

கீழ்த்தளம் அப்படி இல்லை. மேலே சொன்ன தளத்துக்குக் கீழே இருந்த குறுக்குக் கட்டைகளின் மேல் இந்தப் பயணத்துக்காகவே ஒரு வரிசைப் பலகையைப் பரப்பி உண்டாக்கிய தற்காலிக இடம் அது. சரியான முட்டுக் கொடுக்காததால் நடந்தால் பலகை ஆடியது. அதற்கு அடியிலேயே கப்பலின் அடிவயிறு. அங்கே கசிவு நீரும் அழுக்கும் தேங்கிக் கிடக்கும். ஒரு பக்கத்தில் சரக்கு. வெளிச்சம் என்பது மேல்தளத்தின் வாய் ஒன்றிலிருந்து இரண்டு மாடி இறங்கி வரவேண்டும். இந்த இடத்தில் 120 பேர் வரை இருந்தார்கள்.

இந்தப் பலகையை அடிக்கச் சொன்ன முடிவுதான் இந்த நிகழ்வின் மையம் என்பது என் கணிப்பு. 120 பேரின் கட்டணம், ஒரு வரிசைப் பலகையின் செலவு. கணக்குப் பிள்ளைக்கு இதில் தயங்க ஒன்றும் இல்லை.

இன்னொரு முடிவு, மருத்துவர் வேண்டாம் என்பது. 544 பேருக்கு ஒரு மருத்துவர்கூடக் கப்பலில் இல்லை. அதே காலத்தில் ஒரு பிரிட்டிஷ் துறைமுகத்திலிருந்து 300 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு கிளம்பும் கப்பல், 1855ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவரைக் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும். லிவர்பூலில் கட்டாயம், ஹாம்பர்க்கில் அப்படி இல்லை. அதே அட்லாண்டிக்தான்.

ஒன்பது நாள் நின்ற இடத்தில்

எல்பே ஆறு கடலில் சேரும் இடம் குக்ஸ்ஹாவன். எதிர்க்காற்று. கப்பல் நகரவில்லை. நவம்பர் 11 வரை அங்கேயே கிடந்தது.

அதனால்தான் இந்தப் பயணத்தை 61 நாள் என்றும் சொல்லலாம், 70 நாள் என்றும் சொல்லலாம். கேப்டனின் கணக்கு குக்ஸ்ஹாவனிலிருந்து தொடங்குகிறது. கீழ்த்தளத்தில் படுத்திருந்தவளின் கணக்கு ஹாம்பர்க்கிலிருந்து. பின்னால் விசாரித்தவர்கள் இரண்டையும் சொல்லிவிட்டு, பயணிகளைப் பொறுத்தவரை 70தான் என்று எழுதினார்கள். அறிக்கைகளில் இந்த அக்கறையை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆய்வு நோக்கில் இந்த ஒன்பது நாள் முக்கியம். கரை கண்ணுக்கு எட்டும் தூரத்தில். யாரும் சாகவில்லை. கீழ்த்தளத்தின் காற்று எப்படி ஆகிறது, பலகை எப்படி ஆடுகிறது, கழிப்பிடம் எத்தனை பேருக்குப் போதுகிறது என்பதெல்லாம் அந்த ஒன்பது நாளிலேயே தெரிந்திருக்கும். நவம்பர் பாதியில் கிளம்பினால் எத்தனை நாள் ஆகும் என்று திரும்பக் கணக்குப் போட்டு, 120 பேரை இறக்கிவிட்டு மறு கப்பலில் அனுப்பியிருக்கலாம். திருத்திக்கொள்ள இந்தப் பயணத்தில் கிடைத்த ஒரே தருணம் அதுதான். ஆனால் ஹாம்பர்க்கை விட்டுக் கிளம்பிய கப்பலைக் குக்ஸ்ஹாவனில் இன்னொரு முறை ஏறிப் பார்க்கும் வேலை யாருக்கும் கிடையாது.

தெற்குப் பாதை

வட அட்லாண்டிக்கில் குளிர்காலத்தில் காற்று மேற்கிலிருந்து வீசும். ஐரோப்பாவிலிருந்து போகும் பாய்மரக் கப்பலுக்கு அது முகத்தில் அடிக்கும் காற்று. அதனால் கேப்டன் தெற்கே இறங்கினார். மதேரா தீவு வழியாக, ஏறக்குறைய 20ஆம் அட்சரேகை வரை இறங்கி, அங்கே கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்றைப் பிடித்து மேற்கே போய், பிறகு வடக்கே ஏறுவது. மாலுமியின் கண்ணால் பார்த்தால் இது சரியான முடிவு. கப்பலைப் பனிப்புயலுக்குக் கொடுக்காமல் கொண்டுபோகும் வழி அது.

ஆனால் அந்தப் பாதையில் வெப்பம் 24 ரியோமர் பாகை வரை போனது. நம் கணக்கில் 30 டிகிரி செல்சியஸ். இதைப் படிக்கும் நமக்கு 30 டிகிரி என்றால் மார்கழி மதியம். மெக்லன்பர்க்கில் நவம்பர் குளிருக்காகக் கம்பளி உடுத்திக்கொண்டு வந்தவர்களுக்கு, மூச்சுவிட வழியில்லாத மரப்பெட்டிக்குள், குடிக்கத் தண்ணீர் போதாமல், அது வேறு விஷயம். பாதையைக் காற்றுக்காக முடிவு செய்தார்கள். கீழ்த்தளத்தில் ஆட்களை அடைத்ததைக் கட்டணத்துக்காக முடிவு செய்தார்கள். இரண்டும் ஒன்றாக வைத்து யோசிக்கப்படவில்லை.

நவம்பர் 25 முதல்

முதல் சாவு நவம்பர் 25ஆம் தேதி. குக்ஸ்ஹாவனை விட்டுப் பதினான்காம் நாள். டிசம்பர் 1ஆம் தேதி ஒரே நாளில் ஒன்பது பேர். டிசம்பர் 17ஆம் தேதி எட்டுப் பேர். டிசம்பர் கடைசியில்தான் வேகம் குறைந்தது. கப்பல் மறுபடி வடக்குக் குளிருக்குள் ஏறியபின் புதிதாக யாருக்கும் நோய் வரவில்லை.

உணவும் தண்ணீரும் போதவில்லை என்பது பிழைத்தவர்களின் வாக்குமூலம். நோய் பெருகியபோது சுத்தம் செய்யும் கட்டுப்பாடும் குலைந்தது. பேதி கண்டவன் மேல்தளக் கழிப்பிடத்துக்குப் போக வேண்டுமானால், நடந்தால் ஆடும் பலகையில், இருட்டில், இரண்டு மாடி ஏற வேண்டும். ஏற முடியாதவன் இருந்த இடத்திலேயே இருந்தான்.

சில குடும்பங்கள் ஒருவர் மிச்சமில்லாமல் போயின. சிலவற்றில் தகப்பன் போனான், சிலவற்றில் தாய். சின்னப் பிள்ளைகளோடு கைம்பெண்ணாக நின்றவள் ஒரு பக்கம், பெண்டாட்டியைக் கடலில் விட்டவன் இன்னொரு பக்கம். இதற்கிடையில் ஐந்து குழந்தைகள் பிறந்தன.

544இலிருந்து 108ஐக் கழித்தால் 436. பிழைத்தவர்கள் என்று பதிவில் உள்ள எண்ணிக்கையும் அதுதான். கணக்கு நேராக விழுவதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. நடுவழியில் எந்தத் துறைமுகத்திலும் நோயாளிகளை இறக்கிவிடவில்லை. கடலில் பிறந்த ஐந்து பேர் எந்தக் கூட்டலிலும் கழித்தலிலும் வரவில்லை.

நடுவழியில் ஒரு துறைமுகத்தில் ஒதுங்கியிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கேப்டனுக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொள்ளைநோய்க் கப்பலை எந்தத் தீவும் வரவேற்காது. தனிமைப்படுத்தலில் வாரக்கணக்கில் நிறுத்துவார்கள், அதுவும் அதே கப்பலுக்குள். ஆனால் காய்கறியும் நல்ல தண்ணீரும் படகில் வந்திருக்கும்.

நியூயார்க்கில் ஏறிப் பார்த்தவர்கள்

நியூயார்க் பக்கத்தில் நிலைமை வேறு. 1847 முதல் அந்த மாநிலத்தில் குடியேறிகளுக்கென்றே ஓர் ஆணையம் இருந்தது. வந்து இறங்குபவரிடம் அல்ல, கப்பல்காரனிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கி, அந்தப் பணத்தில் மருத்துவமனையும் காப்பகமும் நடத்தினார்கள். இறங்கியவர் ஐந்து ஆண்டுக்குள் நொடித்துப்போனால் அவரைப் பார்த்துக்கொள்வதும் அதன் பொறுப்பு. 1855 முதல் காஸில் கார்டனில் எல்லோரையும் ஒரே இடத்தில் இறக்கிப் பதிவு செய்து, தரகர்கள் கையில் சிக்காமல் ரயில் டிக்கெட்டும் அங்கேயே கொடுத்தார்கள்.

கப்பலில் முதலில் ஏறிய அதிகாரி, ஏணியிலும் கயிற்றிலும் கை வைக்க, கால் வைக்க ஒரு சுத்தமான இடம் கிடைக்கவில்லை என்று சொன்னார். ஐந்து ஆண்டில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார்.

பிறகு ஆணையர்களில் ஒருவரான ஃபிரீட்ரிஷ் காப், நியூயார்க் ஜெர்மானியர் சங்கத்தின் தலைவரோடு கப்பலுக்குப் போனார். காப் வெஸ்ட்பாலியாவின் ஹாம் ஊரில் பிறந்தவர். 1848 புரட்சியில் பங்கெடுத்து, அது தோற்றபின் 1850இல் அமெரிக்கா வந்து வக்கீலாக இருந்தவர். விசாரிக்க வந்தவரே ஒரு காலத்தில் இதே கடலைக் கடந்து வந்தவர் என்பது அறிக்கையின் தொனியில் தெரிகிறது.

அவர்கள் போவதற்குள் படுக்கை மரங்களையெல்லாம் பிய்த்தெடுத்திருந்தார்கள். ஆனாலும் கீழ்த்தளத்தை ஒளிக்க முடியவில்லை. மேல்வாய் திறந்திருந்தது, கப்பல் திறந்த கடலில் நின்றது, பகல் நேரம். இரண்டு மூன்று அடிக்கு அப்பால் இருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. பயணத்தின்போது இங்கே வெளிச்சத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். லாந்தர்கள் வைத்திருந்தோம், காற்று கெட்டுப்போயிருந்ததால் அவை சரியாக எரியவில்லை என்று பதில் வந்தது.

பிழைத்தவர்களில் சில சிறுவர் சிறுமியரிடம் அப்பா அம்மா எங்கே என்று விசாரித்தார்கள். பிள்ளைகள் அழுதுகொண்டே கடலைக் காட்டி, "கீழே" என்றார்கள்.

என்ன நோய்?

காலரா என்று பேச்சு அடிபட்டது. 1866இல் ஜெர்மனியில் காலரா பரவியிருந்தது உண்மை. கப்பல் தரப்புக்கு அந்தப் பேச்சு வசதியானது. நோயை ஊரிலிருந்தே கொண்டுவந்துவிட்டார்கள் என்று கை கழுவிவிடலாம். ஆனால் பயணிகள் கிளம்பியபோது அவர்களது ஊர்களிலோ அக்கம்பக்கத்திலோ காலரா இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று விசாரித்தவர்கள் எழுதிவைத்தார்கள். அவர்கள் கை நீட்டிய இடம் கீழ்த்தளத்தின் கெட்ட காற்று, குறைந்த உணவு, போதாத தண்ணீர், அழுக்கு.

இதில் ஒரு நுணுக்கம். கெட்ட காற்றே நோயைத் தருகிறது என்பது அந்தக் காலத்து மருத்துவ நம்பிக்கை. காலரா நீரில் பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ 1854இலேயே காட்டியிருந்தும் எல்லோரும் ஏற்கவில்லை. ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்ட 1880கள் ஆயின. இன்றைக்கு அந்தப் பதிவைப் படிக்கும்போது கண் நிற்பது காற்றில் அல்ல, கழிவில். இருட்டில், நோயாளி இருந்த இடத்திலேயே கழிவு, அதே கையால் தண்ணீர்ப் பாத்திரம். உடலிலிருந்து நீர் வற்றிக்கொண்டிருப்பவனுக்கு அளந்து கொடுத்த தண்ணீர். காரணத்தை விசாரித்தவர்கள் தவறாகச் சொல்லியிருக்கலாம். குற்றவாளியான இடத்தைச் சரியாகவே பிடித்தார்கள்.

சட்டம் எங்கே நின்றது

சட்டமே இல்லாத காலம் என்று நினைத்துவிடக் கூடாது. இன்னொரு ஜெர்மன் துறைமுக நகரமான பிரெமன் 1832லும் ஹாம்பர்க் 1837லும் குடியேறிக் கப்பல்களுக்கு விதி போட்டவை. ஹாம்பர்க் 1850 முதல் பயணிகளின் பெயர்ப் பட்டியலை ஒழுங்காக எழுதிவைத்தது. இன்றும் முன்னோரைத் தேடுபவர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள். அமெரிக்காவின் 1855ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் விரிவானது. ஒருவருக்கு இத்தனை சதுர அடி என்று சொன்னது. மேல்தளங்களில் 16, அதற்குக் கீழ்த்தளத்தில் 18. எல்லாவற்றுக்கும் அடியில், 'லைப்னிட்ஸி'ல் பலகை பரப்பியது போன்ற தளத்தில், ஆட்களை ஏற்றவே கூடாது என்றும் சொன்னது. நூறு பேருக்கு மேல் ஏற்றும் கப்பலில் குறைந்தது இரண்டு காற்றுக்குழாய் வேண்டும் என்றது.

'லைப்னிட்ஸி'ல் காற்றுக்குழாய் எத்தனை? இரண்டு.

பலகையின் பரப்பை அளந்த சட்டம், ஒருவருக்கு எத்தனை கன அடி காற்று என்று அளக்கவில்லை. அடித்தளத் தடையைப் பொறுத்தவரை, அது அமெரிக்கச் சட்டம். கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தபின்தான் எவரும் ஏறிப் பார்க்க முடியும். தளத்தை அடித்ததோ ஹாம்பர்க்கில். மீறல் நடப்பது ஒரு கரையில், பிடிபடுவது மறு கரையில், நடுவே 70 நாள்.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. பயணத்தில் நோயால் இறந்த ஒவ்வொரு பயணிக்கும் கேப்டன் 10 டாலர் கட்ட வேண்டும். எட்டு வயதுக்கு மேற்பட்டவருக்கு மட்டும்.

பின்விளைவு

1868 ஜனவரியிலேயே அறிக்கை வெளியானது. ஜெர்மானியர் இரு கரையிலும் அதைப் படித்தார்கள். வட ஜெர்மன் கூட்டமைப்பு குடியேறிகளின் போக்குவரத்தைக் கண்காணிக்கத் தனி ஆணையரை ஹாம்பர்க்கில் வைத்தது. துறைமுக நகரங்களின் விருப்பத்துக்கு விட்டிருந்த விஷயத்தில் மேலிருந்து ஒரு கண் விழுந்தது அப்போதுதான். ஜெர்மனி முழுவதற்குமான குடிபெயர்வுச் சட்டம் 1897இல்தான் வந்தது. பாய்மரக் கப்பல்களைப் பொறுத்தவரை சட்டத்தைவிட நீராவிதான் வேகமாகத் தீர்ப்பு எழுதியது. 1870களில் ஹாம்பர்க்கிலிருந்து குடியேறிகளை ஏற்றும் தொழிலிலிருந்து அவை ஒதுங்கிவிட்டன.

காப் 1870இல் ஜெர்மனிக்குத் திரும்பி, பின்னர் பேரரசின் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார்.

எதை மாற்றியிருக்கலாம்

குடும்பங்கள் செய்திருக்கக் கூடியது மிகக் குறைவு. கூடுதல் காசு கொடுத்து நீராவிக் கப்பல் பிடிப்பது, அல்லது வசந்தம் வரை காத்திருப்பது. பண்ணை வீட்டைக் காலி செய்தவனுக்குக் காத்திருக்கக் கூரை கிடையாது. அதனால் பயணிகளுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று இந்த நிகழ்வை முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரே ஒரு மாற்றம்தான் செய்யலாம் என்று என்னிடம் சொன்னால் மருத்துவரைச் சேர்க்க மாட்டேன். 1867இல் ஒரு கப்பல் மருத்துவர் அபினும் விளக்கெண்ணெயும் தந்திருப்பார். உயிர் பிழைத்தவர் எண்ணிக்கை கொஞ்சம் கூடியிருக்கலாம். கீழ்த்தளப் பலகையைத்தான் எடுப்பேன். 120 பேர் குறைந்திருந்தால் அதே தண்ணீரில் ஒவ்வொருவருக்கும் கூடுதலாகக் கிடைக்கும், மேல்தளத்தில் இருந்தவர்களுக்குக் காற்று கூடும், கழிப்பிடத்துக்கு வரிசை குறையும், அடியில் தேங்கும் நீருக்கு மேலே யாரும் படுத்திருக்க மாட்டார்கள். அடுத்தது, குக்ஸ்ஹாவனில் ஒரு கண்காணிப்பு: துறைமுகத்தை விட்டு ஐந்து நாளுக்கு மேல் காற்றுக்காக நிற்கும் கப்பலை மறுபடி ஏறிப் பார்த்து, தண்ணீரை நிரப்பி, தேவைப்பட்டால் ஆளை இறக்கும் அதிகாரம் உள்ள ஒருவர். மூன்றாவது, தெற்குப் பாதை எடுக்கும் கப்பலுக்கு வேறு தண்ணீர்க் கணக்கு. வெயிலில் ஆறு வாரம் போகும் கப்பலுக்கும் குளிரில் ஐந்து வாரம் போகும் கப்பலுக்கும் ஒரே அளவு தண்ணீர் எப்படிச் சரியாகும்?

1882இல் அமெரிக்கா புதிய பயணிகள் சட்டம் போட்டது. அதில் சதுர அடி போய்க் கன அடி வந்தது. மேல்தளங்களில் ஒருவருக்கு 100 கன அடி, அதற்குக் கீழ்த்தளத்தில் 120. முதல் முறையாகச் சட்டம் காற்றை அளந்தது. 50 பேருக்கு மேல் குடியேறிகளை ஏற்றும் கப்பலில் மருத்துவர் கட்டாயம். சாவுக்கு 10 டாலர் என்ற பிரிவு மட்டும் பழையபடியே தொடர்ந்தது. வயது வரம்பும் எட்டுதான்.